அப்பாவின் கேள்விகளுக்குப் பதில்: கூடாரம் வாங்கிய விவரம்

ஸ்கார்பரோ, கனடா
ஜூலை 12, 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கூடாரம் ஒன்று வாங்கியிருப்பதாக அம்மாவிடம் தொலைபேசியில் போகிற போக்கில் சொன்னேன். அதற்கு நீங்கள் ஒன்றரைப் பக்கம் கேள்விகள் எழுதியிருக்கிறீர்கள். நாற்பது வருடமாக லாரித் தார்ப்பாய் தைக்கிறவரிடம் அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு நான் சும்மா இருந்துவிட முடியாதுதான். முதலில் அத்தையிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். வாடகை கொடுக்க வழியில்லாமல் நான் கூடாரத்துக்குக் குடிபோகவில்லை. இங்கே வசதியானவர்களும் கோடையில் காரில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு போய், ஏரிக்கரையில் இரண்டு இரவு தரையில் படுத்துவிட்டு வருவதையே பெரிய பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். எனக்கும் இப்போது சனி, ஞாயிறுகளில் வேலை கிடையாது என்பதால் ஓய்வு நிறைய இருக்கிறது.

நாங்கள் போகப்போவது அல்கொன்குவின் பூங்காவுக்கு. 1893ஆம் ஆண்டிலேயே அரசு பாதுகாத்து ஒதுக்கிய காடு அது. பரப்பளவு ஏறத்தாழ 7,600 சதுர கிலோமீட்டர், அதாவது நம் நாமக்கல் மாவட்டத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கூடாரம் போடும் இடத்தை ஐந்து மாதத்துக்கு முன்பிருந்தே பதிவு செய்யலாம் என்பதால் விடுமுறை நாட்களுக்கு இடம் கிடைப்பது அரிது. யாரோ ரத்து செய்த இடம் எங்களுக்கு அமைந்தது. ஓர் இடத்தில் ஆறு பேர் வரை தங்க அனுமதி உண்டு. கட்டணத்தைப் பங்கிட்டுக்கொண்டால் கையைக் கடிக்காது.

ஏன் குவிந்த வடிவம், நம் ஊர்க் கொட்டகை மாதிரி நடுக்கால் வைத்தது கூடாதா என்று கேட்டிருந்தீர்கள். டோம் டென்ட் என்று இங்கே விற்பதில், வளையக்கூடிய இரண்டு நீளக் கம்பிகள் உச்சியில் குறுக்கே கடந்து நான்கு மூலைகளில் வந்து நிற்கும். வளைந்த கம்பி நிமிரப் பார்க்கும், துணி அதை நிமிரவிடாமல் இழுத்துப் பிடிக்கும். அந்த இழுவையிலேயே கூடாரம் முளையடிக்காமல் தானாக நிற்கிறது. அல்கொன்குவின் காட்டில் இது வெறும் வசதி மட்டுமல்ல. அந்தப் பகுதி முழுவதும் பழங்காலக் கருங்கற்பாறைத் தளம், அதன்மேல் மண் பல இடங்களில் ஒரு சாண்கூடத் தேறாது. முளை இறங்காத தரையில் முளையை நம்பிய கூடாரத்தை எப்படி நிறுத்துவது? ஆனாலும் காற்றடித்தால் இது பட்டம் போலப் பறந்துவிடும் என்பதால், முளை இறங்கும் இடத்தில் அடித்தும் இறங்காத இடத்தில் இழுகயிற்றைக் கல்லிலோ மரத்திலோ கட்டியும் வைக்க வேண்டும். கூடாரத்தோடு கொடுக்கும் மெல்லிய கம்பி முளைகள் முதல் அடியிலேயே வளைந்துவிடும் என்று எல்லோரும் சொன்னதால், தடித்தவற்றைத் தனியாக வாங்கிக்கொண்டேன்.

கம்பிகள் இந்த விலையில் ஃபைபர் கண்ணாடிதான். அலுமினியம் எடை குறைவு, உறுதி அதிகம், விலையும் அதிகம். முதுகில் சுமந்து மலையேறுகிறவர்களுக்கு ஒவ்வொரு நூறு கிராமும் கணக்கு. கார் நிற்கும் இடத்திலிருந்து பத்தடி தூக்கிப் போகிறவனுக்கு அந்தச் செலவு வீண் என்பது என் முடிவு. அதில் மிச்சம் பிடித்த பணத்தை மேல்விரிப்பில், அதாவது மழைக்காகக் கூடாரத்தின்மேல் போர்த்தும் வெளியடுக்கில், போடலாம். மலிவான கூடாரங்களில் நல்லதும் கெட்டதும் பிரிகிற இடம் மேல்விரிப்புதான் என்று பல பெட்டிகளைத் திறந்து பார்த்த பிறகு எனக்குத் தோன்றியது.

துணி பாலியெஸ்டர், உள்புறம் பாலியூரித்தேன் பூச்சு. நம் கித்தானைப் போல நனைந்தால் நூல் உப்பி ஓட்டையை அடைக்கும் குணம் இதற்குக் கிடையாது. பூச்சு இருக்கும் வரைதான் காப்பு. அதை மில்லிமீட்டரில் சொல்கிறார்கள். 1,500 என்று போட்டிருந்தால், துணியின்மேல் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால்தான் கசியத் தொடங்கும் என்று பொருள். சாதாரணக் கோடை மழைக்கு அதுவே போதும். தரைக்கு மட்டும் கூடுதல் உறுதி தேவை, ஏனென்றால் ஈரத் தரையில் நம் முழங்காலும் முழங்கையும் ஊன்றும்போது அழுத்தம் பலமடங்காகும். இந்த விலைக் கூடாரங்கள் பலவற்றில் தரை நெய்த பாலித்தீன்தான். உங்கள் கடையின் நீலத் தார்ப்பாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி என்று தொட்டவுடனே தெரிந்துகொண்டேன்.

ஒரே தார்ப்பாய் போதாதா, எதற்கு இரண்டடுக்கு என்பது உங்கள் கேள்விகளிலேயே நல்ல கேள்வி. வெங்காய லோடுக்குத் தார்ப்பாயைக் காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டினால், விடியும்போது உள்ளேயே வியர்த்து மூட்டை நனைந்துவிடும் என்று ஓட்டுநர்களிடம் சொல்வீர்கள் அல்லவா? மனிதர் மூச்சும் அதே வேலையைச் செய்கிறது. அதுவும் அங்கே ஆகஸ்டிலேயே இரவில் குளிர் பத்து டிகிரிக்கு இறங்கும். ஆகையால் உள்ளடுக்கை வலையும் மெல்லிய துணியுமாக விட்டு, ஈரம் அதைக் கடந்து போய் வெளியடுக்கின் உள்பக்கத்தில் படியும்படி செய்கிறார்கள். அந்த வலை அசல் கரூர்க் கொசுவலையைப் போலத்தான் இருக்கிறது, கண் இன்னும் பொடி.

கடைசியில் இரண்டு கூடாரங்களுக்கு இடையில் யோசித்தேன். ஒன்று கோல்மன் நிறுவனத்தின் சன்டோம். நால்வருக்கானது ஒன்பதடிக்கு ஏழடி, நடு உயரம் ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு. நால்வர் என்பது பெட்டியில் எழுதிய கணக்கு. ஒன்பதடியை நாலாகப் பிரித்தால் ஒருவருக்கு 27 அங்குலம், பைகளை வைக்க இடமே இராது. இரண்டு பேர் படுக்க வேண்டுமென்றால் மூன்று அல்லது நான்கு பேருக்கானதை வாங்குவதே சரி. நல்ல கூடாரம்தான், ஆனால் அதன் மேல்விரிப்பு தொப்பி போல உச்சிப் பகுதியை மட்டும் மூடுகிறது. மற்றது கோயம்புத்தூரிலும் கடை வைத்திருக்கும் டெக்கத்லானின் மூவர் கூடாரம். இதில் மேல்விரிப்பு நாற்புறமும் தரைவரை இறங்குகிறது, தையல்களின் உள்பக்கம் சூட்டில் ஒட்டிய நாடாவும் இருக்கிறது. சாய்ந்து அடிக்கும் மழையை நினைத்து இதையே எடுத்தேன். விலைச்சீட்டில் உள்ளதற்குமேல் 13 சதவிகிதம் வரி சேர்ந்தும் நூற்றைம்பது டாலருக்குள் முடிந்தது. ஒருவரே தனியாக நிறுத்திவிடலாம் என்பதும் எனக்குப் பெரிய வசதி. கூட வருவதாகச் சொன்னவர்களில் ஒருவருக்குக் கால்கரியில் வேலை கிடைத்துப் போய்விட்டார், மற்றவருக்கு ஷிப்டு மாறலாம். யாராவது வருவார்கள், அதைப் பற்றிக் கவலை இல்லை.

பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், குளிர்காலத்திலும் அரைக்கால் சட்டையோடு பனி அள்ளுகிறவர். நான் கூடாரத்தைப் பின்புறத்தில் நிறுத்தியதும் வேலிக்கு அப்பாலிருந்து ஒரு வார்த்தையும் பேசாமல் தோட்டக் குழாயைத் திருப்பி அதன்மேல் பீய்ச்சத் தொடங்கிவிட்டார். நான் உள்ளே இருக்கிறேன்! கால்மணி நேரம் கழித்து, "எங்கே நனைந்தது?" என்று கேட்டார். எங்கும் நனையவில்லை என்றதும் ஏமாற்றமாகத் தலையை ஆட்டினார். அடியில் போடும் விரிப்பு கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை வாங்கி அடியிலேயே தேக்கும், உள்ளே மடித்துவிடு என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். இங்கிருந்து விறகு எடுத்துப் போகக் கூடாது, மரத்தைத் துளைக்கும் பூச்சி அதோடு காட்டுக்குள் போய்விடும் என்றும், கரடி நடமாட்டம் உள்ள காடு என்பதால் சாப்பாடு மட்டுமன்றிப் பற்பசையைக்கூடக் கூடாரத்தில் வைக்காமல் காரில் பூட்டவேண்டும் என்றும் சொன்னார். அம்மா அனுப்பிய தட்டையும் புளிக்காய்ச்சலும் அப்படியே காரில்தான் தூங்கும். அடுப்பை ஒருபோதும் கூடாரத்துக்குள் பற்றவைக்க மாட்டேன், கார்பன் மோனாக்சைடு என்ற அந்தப் புகையில்லாத நஞ்சைப் பற்றி எனக்குத் தெரியும், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

பிறகு அவர் தன்னுடைய பழைய கித்தான் கூடாரத்தைக் கொண்டுவந்து வேலியில் போட்டார். மூலையில் ஒரு முழம் தையல் விட்டிருந்தது. என் அப்பா தார்ப்பாய் தைக்கிறவர் என்று எப்போதோ சொன்னதை நினைவில் வைத்திருந்திருக்கிறார். நீங்கள் காட்டியபடி நூலுக்கு மெழுகு தேய்த்து, ஓரத்தை இரட்டையாக மடித்துக் கையால் தைத்தேன். அந்தக் கித்தான் வாடை, மெழுகு வாடை, சாயங்கால வெயில் எல்லாம் சேர்ந்து என்னைச் சற்று நேரம் எங்கோ கொண்டுபோய்விட்டது. நாங்கள் போகும் விடுமுறையின் ஞாயிற்றுக்கிழமை ஆகஸ்டு 3, ஆடிப்பெருக்கு. கொல்லிமலையில் ஓரி விழா பார்த்துவிட்டு, லாரிக்கும் மரத்துக்குமாகக் கட்டிய தார்ப்பாயின் அடியில் பாட்டி, சித்தப்பா வீட்டார், நாம் என்று அத்தனை பேரும் நெருக்கியடித்துப் படுத்தோமே, அதில் எத்தனை பேருக்கான இடம் என்று யாராவது பெட்டியில் எழுதியிருந்தார்களா அப்பா? இந்த வருடமும் போவீர்களா? போனால் எனக்கும் சேர்த்து அறப்பளீசுவரரைக் கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் கடைசியில் எழுதிய விஷயம். கடை இருக்கும் மனையைப் பிரிக்கச் சித்தப்பா அவசரப்படுவதும், வாங்குகிறவரின் வழக்கறிஞர் என் கையெழுத்தும் வேண்டும் என்பதும் தெரிந்தது. வரைவைப் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன், நீங்களும் போடாதீர்கள். அதிகாரப் பத்திரம் தேவையென்றால் டொராண்டோவில் உள்ள நம் துணைத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்புகிறேன். அது உங்கள் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். அதற்கு முன் தாத்தா பெயரில் இருக்கும் பட்டாவுக்கு வாரிசுச் சான்றிதழ் இருக்கிறதா என்று தம்பியைத் தாலுகா அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பங்கை நாமே வாங்கிக்கொள்ளலாம் என்று அம்மா சொல்வதுதான் எனக்கும் ஆசை. பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை, ஆனால் அடுத்த தை வரை பொறுக்கச் சொல்லிச் சித்தப்பாவிடம் நீங்கள் நேரில் கேளுங்கள். பெரிய மாமாவையும் கூட அழைத்துப் போனால் மறுக்க மாட்டார். இந்த மாதப் பணம் வங்கியில் ஏதோ தாமதத்தால் இருபதாம் தேதிக்குமேல் வந்து சேரும். கடையின் பின்சுவரிலிருந்து தெருவரை உள்ள அளவை டேப் பிடித்து எழுதி, பத்திர நகலோடு அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு
உங்கள் அன்பு மகன்