“எதையும் தாங்கும்” என்று விற்ற லவெண்டர் பற்றி

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
18.06.2025

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

மே 3 ஆம் திகதி தங்கள் இணையக் கடையில் நான்கு லவெண்டர் கன்றுகளும் இரண்டு பியோனிப் பூச்செடிக் கிழங்குகளும் 14,800 ரூபாய்க்கு வாங்கினேன். லவெண்டர் நான்கும் செத்துவிட்டன.

செடி சாவது உண்டு. அதற்காக யாரும் கடிதம் எழுதமாட்டார்கள். என்னை எழுத வைத்தது சாடியில் குத்தியிருந்த அட்டை. மேலே ‘ஹார்டி’, கீழே “எதையும் தாங்கும் பல்லாண்டுச் செடி; கொழும்புக்கு உகந்தது”. தோட்டக்காரர்கள் ஹார்டி என்பது குளிர்காலத்தைத் தாங்கும் என்ற பொருளில். ரொறன்ரோவில் என் தங்கை வீட்டு வாசலில் இதே ‘மன்ஸ்டெட்’ இனம் மாதக்கணக்காகப் பனிக்கு அடியில் கிடந்து, ஜூலையில் பூக்கிறது. குளிரைவிட, பனி உருகி வேரடியில் தேங்கும் நீருக்கே அவள் அஞ்சுவாள். அதனால் சரளை கலந்து மண்மேடு கட்டித்தான் நட்டிருக்கிறாள். மத்தியதரைக் கடல் பக்கத்து மலைச்சரிவுகளில், கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் நடுவே வளர்ந்த செடி அது. நீங்களோ தென்மேற்குப் பருவமழை தொடங்கும் மாதத்தில், இரவிலும் புழுங்கும் ஊருக்கு, தனித் தும்புத்தூளில் நட்டு அனுப்பி, “நாள்தோறும் இருமுறை நீர் ஊற்றவும்” என்று அட்டையில் அச்சிட்டும் இருக்கிறீர்கள்.

ஊற்றினேன். பன்னிரண்டாம் நாள் நுனிகள் தலை சாய்ந்தன. தாகம் என்று எண்ணி மேலும் ஊற்றினேன் (வேர் அழுகினாலும் செடி அப்படித்தான் வாடும் என்று தங்கை சொன்னபோது காலம் கடந்துவிட்டது). ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். அடித்தண்டு கறுத்திருந்தது, வேரின் தோல் ஊறிய கடலைத் தோல்போல விரலோடு உரிந்து வந்தது. வாசனைக்கென்று வாங்கிய செடியில் சாக்கடை நாற்றம்.

“வெயில் போதாமையே காரணம்” என்று பதில் அனுப்பினீர்கள். என் பால்கனி கடலைப் பார்த்த மேற்குப் பக்கம். மழை விட்ட நாளில் இரண்டு மணிக்குக் காயப்போட்ட துணி மூன்று மணிக்கு மடிக்கலாம். நான் அனுப்பிய படங்களை யாராவது திறந்து பார்த்தார்களா?

பியோனி இன்னும் முளைக்கவில்லை. முளைத்தாலும் பல வாரக் கடுங்குளிர் படாமல் அது பூக்காது. நுவரெலியாவிலேயே ஆண்டில் சில விடியற்காலைகளில்தான் துகள் உறைபனி விழுகிறது. வெள்ளவத்தையில் அதற்கு நான் எங்கே போவேன்?

முழுத் தொகையையும் 14 நாட்களுக்குள் திருப்பித் தரவேண்டும். மாற்றுக் கன்றுகள் வேண்டாம். “கொழும்புக்கு உகந்தது” என்ற வாசகத்தையும் நீர் ஊற்றும் குறிப்பையும் அட்டையிலிருந்து நீக்கவேண்டும். தவறினால் நுகர்வோர் விவகார அதிகார சபையிடம் எழுத்துமூலம் முறையிடுவேன். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

பற்றுச்சீட்டின் பிரதி, அட்டை, வேரின் மூன்று படங்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் முகவரியும் பற்றுச்சீட்டில் உள்ளன)