காதுக்குச் சொல்லிக்கொடு, மல்லிகா

லண்டன்

அன்புள்ள மல்லிகா,

இங்கே எல்லோரும் நலம். இவர் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறார். சின்னவள் மேல்படிப்புக்கு மான்செஸ்டர் போய்விட்டாள். குட்டை ரோசி மகள் கல்யாணப் படங்களைப் பார்த்தேன். மணமேடைக்குப் பின்னாலும் கையில் தட்டோடுதான் நிற்கிறாள், அவள் மாறவே மாட்டாள். அண்ணனை விசாரித்ததாகச் சொல்.

பொங்கலுக்கே பதில் போட்டிருக்க வேண்டும். குளிர்காலத்தில் வார்டு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று உனக்குத் தெரியாததில்லை. இன்றைக்கு எல்லா வேலையையும் ஒதுக்கிவிட்டு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், இங்கே வேலைக்கு வரப்போகிற உன் நர்ஸ் மாணவிகளுக்காக நீ எழுதி அனுப்பிய ஸ்லாங் நோட்டும், அதாவது ஆங்கிலக் கொச்சைப் பேச்சு நோட்டும், போன வாரம் எங்கள் வார்டில் நடந்த ஒரு சம்பவமும். இரண்டையும் சேர்த்து நினைக்க நினைக்க, உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நோட்டு நன்றாக இருக்கிறது. அதே முத்துமுத்தான கையெழுத்து. நீ எழுதிய அனாட்டமி நோட்டைத்தான் விடுதியே படியெடுத்துப் பரீட்சை எழுதியது. எனக்குப் பயமே அதனால்தான். நீ எழுதிக் கொடுத்தால் உன் பிள்ளைகள் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்துவிடுவார்கள். 'லண்டனில் இறங்கியதும் அந்த ஊர்க்காரர்களைப் போலவே பேச வேண்டும்' என்று முதல் பக்கத்தில் போட்டிருக்கிறாய். கீழே புரோ (அண்ணே), இன்னிட் (இல்லையா), லைக் (வந்து), லிட்டரலி (நிஜமாகவே) என்று வரிசையாகச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் மாதிரி வாக்கியம். தினமும் ஒருத்தியை எழுப்பிப் பேச வைப்பதாகவும் எழுதியிருக்கிறாய். அதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதே. ஸ்லாங்கே தெரிய வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் கேட்டலுக்கு 7 வாங்கி, இங்கே வந்து செயல்முறைத் தேர்வையும் முடித்த கெட்டிக்காரப் பெண்கூட வார்டில் முதல் வாரம் திகைத்துத்தான் நிற்கிறாள். தேர்வில் ஒலித்த ஆங்கிலம் வேறு, கட்டிலிலிருந்து வருகிற ஆங்கிலம் வேறு. எண்பது வயதுப் பாட்டி 'ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி' என்றால் அவருடைய கைப்பையைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது, ஓடிப்போய் பெட்பேன் எடுத்து வர வேண்டும். 1851இல் ஹைட் பார்க்கில் நடந்த பெரும் பொருட்காட்சியில் கழிப்பறைக்கு ஒரு பென்னி வசூலித்தார்கள். பிறகு ஊரெங்கும் பொதுக் கழிப்பறைக் கதவுகளில் பென்னி போட்டால் திறக்கும் பூட்டு வந்தது. அந்தப் பூட்டும் போய்விட்டது, அந்தப் பழைய பென்னியும் போய்விட்டது, பாட்டிகளின் பேச்சில் மட்டும் தங்கிவிட்டது. 'வாட்டர்வொர்க்ஸ்' சரியில்லை என்றால் சிறுநீர்த் தொல்லை. 'பேக் பேசேஜ்' என்றால் ஆசனவாய். 'பூர்லி' என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னால் உடம்பு சுகமில்லை, அவ்வளவுதான். அதையே டாக்டர் குரலைத் தாழ்த்தி 'வெரி பூர்லி' என்றால் குடும்பத்தை உடனே வரச்சொல் என்று பொருள். இவை எல்லாம் எந்தத் தேர்விலும் வராது. உன் நோட்டிலும் வரவில்லை.

கிழக்கு லண்டன் தாத்தாக்களின் பேச்சு இன்னும் ஒரு படி மேல். நம் இயைபுத் தொடை மாதிரி ஒரு விளையாட்டு அது. பாதத்துக்கு 'ஃபீட்'. அதோடு இயைகிற 'பிளேட்ஸ் ஆஃப் மீட்' என்ற தொடரைப் பிடித்துக்கொண்டு, இயைகிற பகுதியைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் 'பிளேட்ஸ்' என்பார்கள். வெளியாளுக்கு நூல் நுனிகூடக் கிடைக்காது. 1859இலேயே இந்த மாதிரிச் சொற்களைத் தொகுத்து அகராதி போட்டிருக்கிறார்கள், அவ்வளவு பழையது. எங்கள் வார்டில் ஒரு தாத்தா 'மை பிளேட்ஸ் ஆர் கில்லிங் மீ' என்று முனகினார். புதிதாக வந்திருந்த பெண், பாவம், அவர் முன்னால் இருந்த சாப்பாட்டுத் தட்டை மரியாதையாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவருக்கு நீரிழிவு. அவள் பார்த்திருக்க வேண்டியது பாதத்தை.

இளசுகள் பேசுவது தனி. ஜமைக்காவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளும் இங்கத்திய பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து வளர்த்த பேச்சு. சைக்கிளிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டு வந்த பையன் 'பேர் பெயின்' என்றான். நாம் படித்த ஆங்கிலத்தில் 'பேர்' என்றால் வெறும், சொற்பம். அவன் பேச்சில் ஏராளம். பத்துக்கு எத்தனை என்று வலியை எண்ணில் கேட்டேன், ஒன்பது என்றான். எண் கேட்காமல் விட்டிருந்தால் ஒரு பாராசிட்டமால் கொடுத்துவிட்டு நகர்ந்திருப்பார்கள். 2013இல் தெற்கு லண்டன் பள்ளி ஒன்று 'பேர்', 'இன்னிட்', 'லைக்' எல்லாவற்றையும் மாணவர்கள் பேசக் கூடாது என்று பட்டியல் போட்டு ஒட்டியது. ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. வகுப்பறைக்குள் அந்தக் கண்டிப்பு நியாயம் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் ஒட்டிய காகிதத்தால் ஒரு சொல்லையும் ஒழிக்க முடியாது. ஜோனதன் ஸ்விஃப்ட் 1710இல் 'டாட்லர்' இதழில் 'மாப்' (கும்பல்), 'பேன்டர்' (கேலிப்பேச்சு) ஆகிய சொற்கள் பரவாமல் தடுக்கப் பல ஆண்டுகள் பாடுபட்டும் கூட்டத்தின் முன்னால் தோற்றுவிட்டதாக எழுதினார். இன்றைக்கு 'மாப்' நாளிதழின் தலைப்புச் செய்தியிலேயே வருகிறது. நாம் இரண்டு பேரும் உலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிற 'ஓகே' எங்கிருந்து வந்ததாம்? 1839இல் பாஸ்டன் பத்திரிகை ஒன்றில், 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுத்துக்கூட்டி, அதன் முதலெழுத்துகளைப் போட்ட வேடிக்கைதான் அது. கொச்சையில் பிறந்து கோபுரத்தில் ஏறிய சொற்கள் எத்தனையோ. ஸ்லாங் மீது எனக்குப் பகை கிடையாது.

எனக்குக் கவலை, ஒரே சொல்லைப் போட்டு எல்லாவற்றையும் மூடுவது. இப்போது போன வாரக் கதைக்கு வருகிறேன்.

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த முதியவர் ஒருவர். தேறி வருகிறார், நாளைக்கோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பலாம் என்று பேச்சு. மதியம் பார்க்க வந்த மகள், நர்ஸ்கள் நிற்கிற மேஜையைத் தாண்டிப் போகும்போது, 'டாட்ஸ் கான் எ பிட் டூலாலி டுடே' என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்பாவுக்கு இன்றைக்குக் கொஞ்சம் புத்தி தடுமாறுகிறது என்று அர்த்தம். இந்தச் சொல் நம் நாட்டிலிருந்து போனது தெரியுமா? நாசிக் பக்கத்தில் தேவ்லாலி என்று ஓர் ஊர். வெள்ளைக்காரப் பட்டாளத்தின் முகாம் அங்கே இருந்தது. நாடு திரும்பக் கப்பலுக்குக் காத்துக் கிடந்த சிப்பாய்கள் வெயிலிலும் சலிப்பிலும் நிலைதடுமாறிப் போனார்கள் என்பார்கள். ஊர்ப்பெயரே பைத்தியத்துக்குப் பெயராகிவிட்டது. அதெல்லாம் இருக்கட்டும். எங்கள் வார்டில் இந்தச் சொல் ஒரு நாளைக்கு எத்தனை முறை புழங்குகிறது என்கிறாய்! பிரிண்டர் ஓடாவிட்டால் டூலாலி, டியூட்டி அட்டவணை குழம்பினால் டூலாலி, இரவு டியூட்டி முடித்தவர்கள் எல்லோருமே டூலாலி. ஆகவே மகள் சொன்னதற்கு மேஜையில் இருந்த மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். கணினியைப் பார்த்து வேலையைத் தொடர்ந்தார்கள். மூன்று பேருமே இந்த ஊர்க்காரர்கள், மூன்று பேருமே நல்ல நர்ஸ்கள்.

நாலாவதாக நின்றவள் தக்கலைப் பக்கத்துப் பெண். வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அவளுக்கு அந்தச் சொல் தெரியாது. மகளை நிறுத்தி, 'மன்னிக்க வேண்டும், அப்படியென்றால் என்ன?' என்று கேட்டாள். மகளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. யோசித்துச் சொன்னாள்: 'என்னை அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்கிறார். நேற்று உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டி முடித்தவர்.'

அவள் நேராகப் போய் எல்லாவற்றையும் அளந்தாள். நாடி 112, மூச்சு 22, காய்ச்சல் 38.6 செல்சியஸ். இங்கே ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்த எச்சரிக்கை மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது. நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன், காய்ச்சல், நினைவு என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். 2017இல் அதைத் திருத்தியபோது, புதிதாக வந்த குழப்பம் என்பதையும் சேர்த்தார்கள். அது ஒன்றுக்கே 3 மதிப்பெண். அவருக்கு மற்றவற்றைக் கூட்டினால் 5, குழப்பத்தையும் சேர்த்தால் 8. 7ஐத் தொட்டாலே அவசரக் குழுவைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டாள். சிறுநீர்க் குழாய் வழியாகத் தொற்று ரத்தத்தில் ஏறியிருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். இப்போது உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார்.

மல்லிகா, இதை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு நடுங்குகிறது. மகள் சொன்ன சொல் சரியான சொல். மருத்துவக் குறிப்பில் நாம் எழுதுகிற அதே குழப்பத்தைத்தான் அவள் தன் வீட்டு மொழியில் சொன்னாள். கேட்டவர்களின் காது மரத்துப் போயிருந்தது. பிரிண்டருக்கும் அதே சொல், மூளைக்கும் அதே சொல் என்று ஆகிவிட்டால், மூளை பாதிக்கப்பட்ட அன்றைக்குச் சொல்ல வேறு சொல் எங்கே இருக்கிறது? என் சின்னவளும் இப்படித்தான். பரீட்சை என்றால் 'லிட்டரலி டையிங்' (நிஜமாகவே செத்துக்கொண்டிருக்கிறேன்), ஜலதோஷம் என்றால் 'லிட்டரலி டையிங்', தோழி சிரிக்க வைத்தாலும் 'லிட்டரலி டையிங்'. தூரத்தில் தனியாக இருக்கிற பிள்ளை. உண்மையிலேயே முடியாமல் போய் அவள் போன் செய்தால், அதை நான் எப்படித் தெரிந்துகொள்வேன்? அவளிடம் இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

இப்போது உன் பிள்ளைகளுக்கு வா. நீ பழக்கிவிடுகிற பேச்சோடு ஒருத்தி டியூட்டி ஒப்படைக்கிறாள் என்று வைத்துக்கொள். 'ஹி வாஸ் எ பிட் இஃபி, லைக், பட் ஹி'ஸ் சவுண்ட் நவ், இன்னிட்.' கொஞ்சம் சந்தேகமாக இருந்தார், இப்போது பரவாயில்லை என்கிறாள். எப்போதிலிருந்து, எவ்வளவு, எந்த மருந்துக்குப் பிறகு? ஒன்றும் இல்லை. இந்த ஊரிலேயே பிறந்த பிள்ளைகள் இப்படி ஒப்படைத்தால் நான் நிறுத்தி மறுபடி சொல்ல வைக்கிறேன். நீ உழைத்து அதைக் கற்றுக்கொடுத்து அனுப்புவாயா? தவிர, ஸ்லாங்குக்கு வயது உண்டு, தெரு உண்டு, யாரிடம் எதைச் சொல்லலாம் என்ற கணக்கு உண்டு. அது தெரியாமல் தலைமை மருத்துவரை 'புரோ' என்று கூப்பிட்டால் என்ன ஆகும்? நம் திருநெல்வேலி வாத்தியாரைப் பார்த்துச் சென்னைப் பெண் 'ஏலே' என்றாளே, அந்த மதியம் உனக்கு நினைவிருக்கும்.

சொற்களும் நிற்பதில்லை. உன் நோட்டில் வசீகரத்துக்கு 'ரிஸ்' என்று ஒன்றைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறாய். 2023இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. அடுத்த தீபாவளிக்குள் இங்கே பள்ளிப் பிள்ளைகளே அதைப் பழசு என்று தள்ளிவிட்டார்கள். 2025இல் டிக்‌ஷனரி டாட் காம் 'சிக்ஸ் செவன்' என்ற வெறும் எண்ணையே ஆண்டின் சொல் என்றது. பிள்ளைகள் அதைக் கூவுகிறார்கள், அதற்கு நிலையான பொருள் ஒன்றும் கிடையாது. உன் மாணவி விசா வாங்கி விமானம் ஏறுவதற்குள் பாதி நோட்டு காலாவதியாகிவிடும்.

ஆகவே பேச வைக்கிற பக்கங்களை எல்லாம் எடுத்துவிடு. நோயாளி வாயிலிருந்து வருகிறதைக் கேட்டுப் புரிந்துகொள்ள மட்டும் பழக்கு. உடம்பு, வலி, கழிப்பறை, பயம் இவற்றைச் சுற்றிய சொற்கள் போதும், நான் இன்னும் எழுதி அனுப்புகிறேன். 'லவ்', 'டார்லிங்' என்று கிழவர்கள் கூப்பிட்டால் முகம் சிவக்க வேண்டாம் என்றும், டெர்பி, ஸ்டோக் பக்கம் போகிறவளிடம் அங்கே 'டக்' (வாத்து) என்று கூப்பிடுவது அன்பு என்றும் சொல்லி வை. போன வருடம் ஒருத்தி இதற்காகக் குளியலறையில் அழுதாள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தக்கலைப் பெண் கேட்ட கேள்வியை வகுப்பில் தினமும் சொல்ல வை. புரியாததைப் புரிந்ததுபோலத் தலையாட்டுகிற பழக்கம் நமக்குச் சின்ன வயதிலிருந்தே ஊறியது. டாக்டர் முன்னால், வாத்தியார் முன்னால், மாமியார் முன்னால் எல்லாம் ஆட்டிப் பழகிவிட்டோம். கேட்டால் நம் ஆங்கிலத்தைக் குறைவாக நினைப்பார்கள் என்ற கூச்சம் வேறு. அந்தக் கூச்சத்தை நாகர்கோவிலிலேயே போக்கி அனுப்ப உன்னால்தான் முடியும்.

வரும் ஞாயிறு எனக்கு விடுமுறை. உன் வகுப்பு காலை 11 மணிக்கு என்றால் இங்கே விடியற்காலை 5:30, எழுந்துவிடுவேன். வீடியோவில் நானே நோயாளியாகப் படுத்துக்கொண்டு பேசுகிறேன், ஒவ்வொருத்தியும் என்னைக் கேள்வி கேட்கட்டும். வகுப்பில் பெரிய திரை இருக்கிறதா, இல்லை உன் போனைத்தான் சுற்றிக் கொடுக்க வேண்டுமா என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுது.

அன்புடன்,
தேவி