கி.மு. 580: ஓர் ஆண்டா, ஒரு வீச்சா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கீழடி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, 'பானை ஓடுகளைக் கார்பன் ஆய்வு செய்ததில் கி.மு. 580 என உறுதியானது' என்கிறது. ஆய்வகத்துக்குப் போனவை பானை ஓடுகள் அல்ல, அவற்றோடு மண்ணில் கிடந்த கரிம மாதிரிகள். உயிரோடிருந்தபோது கார்பனை உள்வாங்கிய பொருளில்தான் கார்பன்-14 (உயிர் போனபின் மெல்லச் சிதைந்து குறையும் கதிரியக்கக் கார்பன்) கணக்கு எடுபடும்: மரக்கரி, நெல்மணி, எலும்பு. பானையில் கருகி ஒட்டிய சோறோ களிமண்ணில் பிசைந்த உமியோ இருந்தால் அதை அளக்கலாம். இல்லையென்றால், பக்கத்தில் கிடந்த கரியின் வயதுதான் ஓட்டுக்கும். எலி வளையோ பிற்காலத்தில் வெட்டிய குழியோ கரியை இடம் மாற்றியிருந்தால் கணக்கே தப்பிவிடும். அதனால்தான் ஆழத்தைச் செ.மீ. விடாமல் பதிகிறார்கள். கி.மு. 580 காட்டிய மாதிரி 353 செ.மீ. ஆழத்திலும், கி.மு. 205 காட்டியது 200 செ.மீ. ஆழத்திலும் கிடைத்தன. கீழே முதியது, மேலே இளையது என்ற இந்த ஒழுங்கைத்தான், தனியான ஓர் எண்ணைவிட, நான் பெரிதாக மதிப்பேன்.

அடுத்து, அந்த எண். ஆய்வகம் முதலில் தருவது '2450 ± 30' என்பதுபோல இருக்கும்: 2450 ஆண்டு முந்தியது, அளவீட்டில் 30 ஆண்டு முன்பின் இருக்கலாம் என்று பொருள். இதை இன்றைய ஆண்டிலிருந்து கழிப்பவர்கள் உண்டு. கணக்கின் தொடக்கம் 1950. சரியாகக் கழித்து கி.மு. 500 என்று எழுதினாலும் தவறுதான். காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. வயது தெரிந்த மர வளையங்களை அளந்து வரைந்த வளைகோட்டோடு ஒப்பிட்ட பிறகே நாள்காட்டி ஆண்டு கிடைக்கும்.

கீழடிக்குச் சிக்கல் இங்கேதான். ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரை அந்த வளைகோடு மேடுபோலத் தட்டையாகக் கிடக்கிறது. ஆய்வாளர்கள் இதை ஹால்ஸ்டாட் மேடு என்பார்கள். அந்த நூற்றாண்டுகளில் காற்றிலிருந்த கார்பன்-14 படிப்படியாகக் குறைந்தது. முந்திய மரம் கூடுதலாகப் பெற்று, கூடுதல் காலம் சிதையவிட்டது. பிந்திய மரம் குறைவாகப் பெற்று, குறைவாக இழந்தது. இன்று இரண்டிலும் மிச்சம் கிட்டத்தட்ட ஒன்றே. ஆகவே 2450 ± 30 என்ற அளவீடு கி.மு. 750க்கும் 410க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் விழலாம். கருவி எவ்வளவு நுட்பமானாலும் ஒற்றை மாதிரியை வைத்து இதைக் குறுக்க முடியாது. அடுக்கடுக்காகப் பல மாதிரிகள் எடுத்து, மண்ணடுக்கின் வரிசையையும் புள்ளியியல் கணக்கில் சேர்த்தால் இந்தக் கால வீச்சு சுருங்கும்.

மாதிரித் தேர்வும் முக்கியம். உத்தரமாக இருந்த பெருமரத்தின் நடுவயிரம் எரிந்த கரி, மரம் வெட்டிய ஆண்டைச் சொல்லாது. அந்த வளையம் வளர்ந்த ஆண்டைச் சொல்லும். நூறு, இருநூறு ஆண்டு முந்திப் போய்விடும். நெல்மணியில் இந்தத் தொல்லை இல்லை, அது ஒரு போகத்துப் பயிர். (அசுத்தம் கலந்தால் எல்லாம் பாழ் என்பதும் மிகை. 2,500 ஆண்டுப் பொருளில் 1 சதவீதம் இக்காலக் கார்பன் கலந்தால் 30 ஆண்டுதான் பிசகும். 40,000 ஆண்டுப் பொருளில் அதுவே 7,000 ஆண்டைத் தின்றுவிடும்.)

இவற்றால் கீழடியின் பழமை குறைந்துவிடாது. வீச்சு கி.மு. 580க்கு முன்னும் நீளலாம், பின்னும் நீளலாம். இனி இத்தகைய செய்தி வெளியிடும்போது மாதிரி கரியா தானியமா, எந்த ஆழம், திருத்திய வீச்சு எவ்வளவு என்ற மூன்றையும் ஒரு வரியில் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை