கொலுசுப் பட்டறை உரிமையாளர்களுக்கு ஒரு மடல்

சேலம் செவ்வாய்பேட்டை, சிவதாபுரம் பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்கு வணக்கம்.

நீங்கள் எல்லோரும் சேர்ந்து பொதுவான கணக்கு மென்பொருள் ஒன்று செய்யப்போவதாகக் கேள்விப்பட்டேன். வரைவையும் பார்த்தேன். வெள்ளி வரவு, பட்டறை வேலை, மெருகு, பில் என்று நான்கு பகுதிகள். கம்பி இழுப்பவர் ஒருவர், பற்றவைப்பவர் ஒருவர், மெருகு போடுபவர் ஒருவர் என்றே தொழில் நடக்கிற ஊரில் இப்படித்தான் தோன்றும். ஆனால் தயவுசெய்து அப்படிப் பிரிக்காதீர்கள்.

ஆறு வருடம் முன்பு ஒரு பட்டறைக்கு இதே மாதிரி எழுதிக் கொடுத்தவன் நான். எடைக்கு இரண்டு தசமம் வைத்திருந்தேன். அப்புறம் மூன்று தசமம் காட்டும் தராசு வாங்கினார்கள். நான்கு பகுதியிலும் எடைக்கணக்கைத் தனித்தனியாக எழுதியிருந்ததால், மூன்றைத் திருத்திவிட்டு மெருகுப் பகுதியை மறந்துவிட்டேன். அது மூன்றாவது தசமத்தை வெட்டிக்கொண்டே இருந்தது. மாதக் கடைசியில் இரண்டு கிராம் உதைத்தது. சந்தேகம் மெருகு போட்ட பையன்மேல் விழுந்தது. என் தப்பு என்று நான் கண்டுபிடிப்பதற்குள் அவன் வேலையை விட்டுப் போயிருந்தான்.

டேவிட் பார்னஸ் என்ற கணினி அறிஞர் 1972-லேயே இதை எழுதிவிட்டார். ஒரே சின்ன நிரலை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, வேலை நடக்கும் வரிசைப்படி. மற்றது, நாளைக்கு மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் ஒளித்துவைத்து. இரண்டாவதில் மாற்றம் வந்தால் பெரும்பாலும் அந்த ஒரு பகுதியோடு முடிந்துவிடும்.

உங்கள் தொழிலில் மாறுவது எது? தராசு, டச் (வெள்ளியின் சுத்தம்), கூலி, சேதாரம், வரி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பட்ட பாடு நினைவிருக்கும். இவை ஒவ்வொன்றும் தனிப் பகுதியாக இருக்கட்டும். 'இந்த உருப்படியின் எடை என்ன?' என்று மற்றவை கேட்டால் எடைப் பகுதி பதில் சொல்லட்டும். எத்தனை தசமம் என்பது அதன் பாடு. கொலுசு மணி செய்து தருபவரின் அச்சையா நீங்கள் பார்க்கிறீர்கள்? மணியின் வளையம் கொலுசில் கோக்க வந்தால் சரி.

அதற்காக ஒவ்வொரு பகுதிக்கும் தனி சர்வர் வேண்டும் என்று யாராவது வந்தால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஒரே கம்ப்யூட்டரில் ஒரே நிரலாக ஓடினால் போதும். பிரிவு உள்ளே இருந்தால் சரி.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் எழுதுபவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "கிலோவுக்கு இவ்வளவு என்றிருக்கும் கூலியை நாளைக்கு ஜோடிக்கு இவ்வளவு என்று மாற்றினால், எத்தனை இடத்தில் கை வைப்பீர்கள்?"

இப்படிக்கு,
உங்கள் ஊர் நிரலாளன் ஒருவன்