கிணற்றுத் தண்ணீரும் ஒரு குட்டி மீனும்

வாலாஜாபேட்டை

அன்புள்ள சண்முகத்துக்கு,

இங்கு எல்லோரும் நலம். அங்கு தங்கச்சி, பிள்ளைகள் சுகம்தானே? பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம்.

போன வாரம் வேலூருக்குப் போயிருந்தேன். என் அக்கா மகள் அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாள். "மாமா, இதைப் பாருங்க" என்று மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாள். உள்ளே ஒரு மீன் முட்டை, இட்டு ஒன்றரை நாள்தான் ஆகிறதாம். முட்டையும் தெளிவு, உள்ளிருக்கும் கருவும் தெளிவு. இதயம் துடிப்பது அப்படியே தெரிகிறது, ரத்தம் வால்வரை ஓடித் திரும்புகிறது. எழுந்து வரவே மனமில்லை எனக்கு.

வண்ணமீன் கடையில் நீலக் கோடு போட்டு நீந்துமே, அந்த ஜீப்ரா மீன்தான். கங்கைப் பக்கத்து மீன். மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இதனிடம் இணை இருக்கிறது என்று 2013-இல் கண்டறிந்தார்கள். அதனால்தான் ஒரு ரசாயனம் நம்மை என்ன செய்யக்கூடும் என்று முதலில் இதனிடம் கேட்கிறார்கள். முட்டைகளில் சிலவற்றை நல்ல தண்ணீரிலும், மற்றவற்றை வெவ்வேறு அளவில் ரசாயனம் கலந்த தண்ணீரிலும் 96 மணி நேரம் வைக்கிறார்கள். எத்தனை செத்தன என்று எண்ணுவதோடு விடுவதில்லை. இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா, முதுகெலும்பு வளைந்திருக்கிறதா, குஞ்சு பொரிக்க நாள் தள்ளுகிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். சாகாத குஞ்சுகளையும் இன்னும் ஓரிரு நாள் வைத்திருந்து, நீந்தும் விதம் மாறியிருக்கிறதா என்று கவனிக்கிறார்கள்.

இதைக் கேட்டபோது உன் அம்மா நினைவுதான் வந்தது. கிணற்றில் தண்ணீர் மஞ்சளாக ஊறியபோது, சொம்பில் மொண்டு எடுத்துக்கொண்டு எத்தனை வாசல் ஏறினார்கள்! "இதைக் குடித்து யாரம்மா செத்தது?" என்று ஒருவர் கேட்டாரே, அது இன்னும் எனக்கு ஆறவில்லை. அந்த மஞ்சள், ஆறாம் நிலைக் குரோமியம் என்ற ரசாயனத்தின் நிறம், புற்றுநோய் தரக்கூடியது. 1996-இல், தோல் பதனிடும் ஆலைகளின் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், தீங்கில்லை என்று நிரூபிக்க வேண்டியது தொழில் நடத்துபவர்தான் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. அதுவரை அந்தப் பாரம் சொம்பு தூக்கியவர்கள் தலையில்தானே இருந்தது?

அப்படியானால் உன் அம்மாவுக்கு வந்த நோய்க்குக் காரணம் என்னவென்று இந்த மீன் சொல்லுமா என்று அக்கா மகளிடம் கேட்டேன். சொல்லாது மாமா என்றாள். நஞ்சு எந்த உறுப்பைத் தாக்கும், எப்படித் தாக்கும் என்று மீன் காட்டும்; மனிதர்களுக்கு என்ன நடந்தது என்று அறிய அந்த மனிதர்களையே பல வருஷம் பரிசோதித்திருக்க வேண்டுமாம். அதை யாரும் நமக்குச் செய்யவில்லை, சண்முகம்.

அப்புறம், நம் பக்கத்துக் கிணறுகளிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தால் சோதித்துப் பார்க்கலாம் என்றாள். நாலு வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் கிணற்றுக்குக் கம்பி வலை போட்டுப் பூட்டியிருக்கிறது. சாவி யாரிடம் இருக்கிறது? இந்த மாதத்துக்குள் எழுது.

அன்புடன்,
ராஜு