சீவாளியை எறியமுன்

ஆசிரியர் அவர்கட்கு,

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வரும்போதே வன்னியில் சோளகமும் வந்துவிடும். அந்த வறண்ட காற்றில் நாதஸ்வரச் சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் இரண்டு இதழ் கொண்ட நாணல் துண்டு, காய்ந்து இறுகும், அதன் வாய் கோணும். பழகும் பிள்ளைகளிடம் "இன்னும் பலமாய் ஊது" என்கிறார்கள். அது பிழையான புத்தி. பிள்ளையின் உதடு வெடிக்குமே தவிர சீவாளி இளகாது. காவிரிக்கரை நாணலில் செய்து கடல் கடந்து வரும் பொருளை, திருத்திப் பார்க்காமல் எறிவதும் வீண்.

முதலில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு, மூன்று நிமிடம் ஊறட்டும். பிறகு அடிப்பக்கத் துளையை விரலால் பொத்தி, வாயால் காற்றை உறிஞ்சுங்கள். இரண்டு இதழும் ஒட்டி நின்று, சற்றுப் பொறுத்து 'டப்' என்று விட்டால் நல்லது. ஒட்டவே இல்லையென்றால் ஓரத்திலோ நூல்கட்டிலோ காற்றுக் கசிகிறது. கட்டில் கசிந்தால் நூலில் தேன்மெழுகு தேய்த்து இறுக்கிக் கட்டலாம். கசிவை விட்டுவிட்டுச் சீவத் தொடங்கினால் சீவாளிதான் மெலியும், குறை அப்படியே இருக்கும்.

அடுத்தது சீவாளியின் வாய். நேரே பிடித்துப் பாருங்கள். அகல விரிந்திருந்தால் மூச்சை விழுங்கும், தாரஸ்தாயி (மேல் ஸ்தாயி) சுருதிக்கு எட்டாது. ஈரமாக இருக்கும்போது பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தட்டையாகப் பிடித்து, பத்து எண்ணும்வரை அழுத்துங்கள். ஒடுங்கியிருந்தால் உதடு பட்டவுடனே சத்தம் நின்றுவிடும். அதற்கு நூல்கட்டுக்கு மேலே இரண்டு ஓரங்களையும் மெல்ல நெருக்க வேண்டும். காய்ந்த சீவாளியை நெருக்கினால் நடுவால் பிளக்கும். முக்கால்வாசிக் குறை இத்தோடு தீரும்.

அதற்குப் பிறகும் பேசாவிட்டால்தான் கத்தி. இதழ்களுக்கிடையே நாதஸ்வரத்தில் தொங்கும் சீவாளி ஊசியைச் செருகிக்கொள்ளுங்கள், இல்லையேல் கீழ் இதழ் நொறுங்கும். கட்டுப் பக்கமிருந்து நுனியை நோக்கி மட்டும், நுனிக்குச் சற்றுப் பின்னால், நான்கைந்து தரம் வழியுங்கள். வழிக்கையில் முகப்பவுடர் போலத் தூள் உதிர வேண்டும். சிராய் கிளம்பினால் கத்தி மொட்டை. மேலிதழில் எத்தனை தரமோ கீழிதழிலும் அத்தனை தரம், ஒவ்வொரு முறையும் ஊதிப் பார்த்த பின்பே மறுபடி. நடுமுதுகைத் தொடவே வேண்டாம், நாதத்தின் கனம் அங்கேதான் இருக்கிறது. அளவு மீறிச் சீவினால் சுருதி இறங்கி, ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் நடுங்கும். அப்போது நுனியில் ஒரு மயிரிழை நறுக்கினால் சுருதி கொஞ்சம் ஏறும். ஆனால் சீவாளி மறுபடி சற்று இறுகிவிடும்.

ஊதி முடிந்ததும் துடைத்து நிழலில் காயவிடுங்கள். மாரி காலத்தில் சொப்பிங் பையில் கட்டி வைக்க வேண்டாம். காற்றுப் புகும் சிறு மரப்பெட்டி போதும். கறுப்புப் புள்ளி விழுந்து பூஞ்சணம் பிடித்த சீவாளியை மட்டும் தயங்காமல் எறியுங்கள், அது பிள்ளைகள் வாயில் வைப்பது.

நாதஸ்வரம் பழக்குவோர்,
ஒட்டுசுட்டான்.