போட்டி முடிந்த பிறகு மகளுக்கு

கிருஷ்ணகிரி

அன்புள்ள கண்ணுக்கு,

மாதிரிப் பங்குச் சந்தைப் போட்டியில் முதல் வாரங்களில் முன்வரிசையில் இருந்துவிட்டுக் கடைசியில் வெகுவாகப் பின்தங்கிவிட்டதாகவும், நிஜப் பணம் இல்லையே, போகட்டும் என்றும் போனில் சொன்னாய். அப்படிப் போகட்டும் என்று விட எனக்கு மனம் வரவில்லை. கணக்கில் ஏற்றித் தந்த பத்து லட்சம் வெறும் எண்தான் என்றாலும், அதற்காக நீ பட்ட பாடு உன்னுடையது.

நம் மாவட்டத்து ஓசூரில் ஆலை வைத்து வளர்ந்த நிறுவனம் என்று டைட்டன் பங்கை ஆசையாக வாங்கினாய். அது சற்றே ஏறியதும், கையில் வந்த லாபம் நழுவிவிடுமோ என்று பயந்து விற்றாய். இறங்கிக்கொண்டே போன வேறொரு பங்கையோ, வாங்கிய விலைக்காவது திரும்பட்டும் என்று வைத்துக்கொண்டதோடு, விலை குறைந்த ஒவ்வொரு நாளும் கூடுதலாக வாங்கி, வாங்கிய சராசரி விலையைக் குறைக்கிறேன் என்று ஆவரேஜ் செய்தாய். அந்த நாட்களில் மதியச் சாப்பாட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு, சந்தை முடியும் மூன்றரை மணி வரை போனையே பார்த்திருந்தாய் என்று உன் அறைத்தோழி சொன்னாள்.

இது உனக்கு மட்டும் உள்ள குணமன்று. லாபத்தில் இருப்பதை அவசரப்பட்டு விற்பதையும், நஷ்டத்தில் இருப்பதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதையும் ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற இரு பேராசிரியர்கள் 1985-இலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ராயக்கோட்டையில் உன் மாமா தக்காளி விலை எவ்வளவு சரிந்தாலும் அன்றன்றே மண்டியில் போட்டுவிடுகிறார், ஏனென்றால் வைத்திருந்தால் அழுகிவிடும். பங்கு அழுகுவதில்லை, ஆகவே, விற்காத வரை நஷ்டமே இல்லை என்று மனம் நம்மை ஏமாற்றுவதற்கு அங்கே நிறைய இடம் இருக்கிறது.

கடைசி வாரத்தில் மிச்சமிருந்த அனைத்தையும் ஒரே பங்கில் போட்டதற்கு உன்னை நான் அவ்வளவாகக் குறை சொல்லமாட்டேன். முதலிடத்துக்கு மட்டும் பரிசு, கடைசி இடத்துக்கு எந்த இழப்பும் இல்லை என்று விதி இருந்தால், பின்தங்கியவர் துணிந்து சூதாடுவதே அந்த விதிக்குப் பொருத்தமான செயலாகிவிடுகிறது. நிஜச் சந்தையில் அந்தச் சலுகை கிடையாது. நீ கல்லூரியில் சேரக் காத்திருந்த கோடையில், தேர்தல் கருத்துக்கணிப்புகளை நம்பி 2024 ஜூன் 3 அன்று மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 2,500 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. மறுநாளே, தேர்தல் முடிவு வந்தபோது, ஏறத்தாழ 4,390 புள்ளிகள் விழுந்தது. முதல் நாள் உற்சாகத்தில் வாங்கி மறுநாள் பதறி விற்றவர்கள் இழந்தது, பிள்ளைகளின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் சேர்த்து வைத்த பணமாகக்கூட இருந்திருக்கும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், பங்குகளை வைத்துக்கொள்ளும் டிமேட் கணக்கு தொடங்கி ஆப்ஷன் வணிகம் பழக ஐம்பதாயிரம் வேண்டும் என்று அப்பாவிடம் நீ கேட்டிருப்பதுதான். பங்கு வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. நல்ல நிறுவனத்தின் பங்கை வாங்கிப் பல ஆண்டுகள் வைத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆப்ஷன் வேறு. ஒரு பங்கைக் குறித்த நாளில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம் அது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஆப்ஷன் அடங்கிய எஃப் அண்ட் ஓ பிரிவில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் நஷ்டப்பட்டதாகப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. விற்க வேண்டிய நேரத்தில் விற்க முடியாமல் கை நடுங்கியதை நீ இப்போதுதான் அனுபவித்திருக்கிறாய். அந்த நடுக்கத்தோடு, குறித்த நாளில் காலாவதியாகிவிடும் ஒன்றை நீ வாங்குவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

போட்டிக் கணக்கில் நீ வாங்கியது விற்றது எல்லாம் தேதிவாரியாக இன்னும் இருக்கும். அதை ஒரு நோட்டில் எடுத்தெழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்த நேரத்தில் என்ன நினைத்து அந்தப் பொத்தானை அழுத்தினாய் என்பதை மறைக்காமல் எழுது. பயம், பேராசை, தோழிகளை முந்தும் ஆத்திரம், எதுவானாலும் சரி. பொங்கலுக்கு வரும்போது அந்த நோட்டைக் கொண்டுவா. அதைப் படித்துப் பார்த்துவிட்டு, எந்தப் பங்கில் எவ்வளவு போடலாம் என்பதை அப்பாவும் நானும் உன்னோடு உட்கார்ந்து பேசுகிறோம்.

அன்புடன்,
அம்மா